மழலையின் முதற்சொல் எம்மொழிச் சொல்?

மூன்றாண்டு நிரம்பிய தமிழ்க் குழந்தையின் கையில் முதன்முதலாக வைக்கப்பெறும் எழுத்துச் சொல் எம்மொழிச் சொல்? வினா சிறிது, விளைவு பெரிது. ஒரு மொழி அரசாணையால் மட்டும் வாழ்வதில்லை. மேடை முழக்கத்தால் மட்டும் வளர்வதுமில்லை. தாயின் மடியிலிருந்து இறங்கித் தரையில் அமர்ந்து, ஓர் அட்டையை உற்று நோக்கி, "இது அம்மா" என்று குழந்தை வாய்திறந்து படிக்கும் அந்த நொடியில்தான் மொழி அடுத்த தலைமுறையின் கைக்கு மாறுகிறது.

குமரி மாவட்டத்தில் இன்று நடப்பது யாது? தோவாளைப் பூவணிகர் மகளும், குளச்சல் மீனவர் மகனும், பூதப்பாண்டி உழவர் பெயரனும் ஆங்கில மழலையர் பள்ளியிற் சேர்ந்த சில கிழமைகளுக்குள்ளேயே 'தி', 'கம்', 'செட்', 'வன்' என்று அட்டை அட்டையாகச் சொல்லிக் காட்டுகின்றனர். கேட்ட பெற்றோர் உள்ளங் குளிர்கின்றனர். அதே குழந்தையிடம் 'அம்மா' என்று எழுதிய அட்டையைக் காட்டினால் அது மருண்டு விழிக்கிறது. "தமிழ்தானே, பின்னால் தானாக வந்துவிடும்" என்று பெற்றோர் ஆறுதல் கூறிக்கொள்கின்றனர். தானாக வருவது பேச்சு. எழுத்து தானாக வருவதன்று. கற்பித்தாலன்றி எம்மொழியின் எழுத்தும் எவருக்கும் வாராது.

இவ் ஆங்கில அட்டை முறையைப் பழிப்பதற்கு முன் அஃது இன்னதென அறிதல் வேண்டும். அறிந்தபின் கொள்ளுவன கொண்டு தள்ளுவன தள்ளல் வேண்டும். கண்மூடிப் பழித்தலும் கண்மூடி ஏற்றலும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

பார்வைச் சொல் என்பது யாது?

எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்காமல், கண்ட அளவிலேயே முழுமையாக அடையாளங் கண்டு சொல்லத்தக்க சொல்லைப் பார்வைச் சொல் எனலாம். அமெரிக்கக் கல்வியறிஞர் எட்வர்டு வில்லியம் தால்ச்சு என்பார் 1936ஆம் ஆண்டில் இத்தகைய சொற்களைத் தொகுத்துப் பட்டியலாக வெளியிட்டார். குழந்தைப் பொத்தகங்களில் அடிக்கடி வரும் 220 சொற்கள் அதில் உள்ளன. பெயர்ச்சொற்கள் 95 தனிப் பட்டியலாக வகுக்கப்பெற்றன. அப்பட்டியலே இன்று உலகெங்கும் அட்டைகளாக அச்சேறி, நாஞ்சில் நாட்டுக் குழந்தையின் பைக்குள்ளும் புகுந்துள்ளது.

ஆங்கிலேயர்க்கும் அமெரிக்கர்க்கும் இப்பட்டியல் ஏன் தேவைப்பட்டது? அவர்கள் எழுத்து ஒன்று, ஒலி ஒன்று என்னும் குழப்பத்தில் அகப்பட்டவர்கள். 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை அவர்கள் குறித்தாக வேண்டும். ஒன்று என்னும் பொருள்படும் அவர்தம் எண்ணுப்பெயரை எழுத்துக்கூட்டினால் 'ஓன்' என்று வரவேண்டும். அவர்கள் ஒலிப்பதோ 'வன்'. வகரமே இல்லாத சொல்லில் வகர ஒலி எங்கிருந்து வந்தது என்று குழந்தை கேட்டால் ஆசிரியரிடம் விடையில்லை. "கேளாதே, பார்த்து மனத்தில் இருத்து" என்பதே விடை. அக்குழப்பத்தைக் கடக்க அவர்கள் கட்டிய பாலந்தான் பார்வைச் சொல் முறை. ஆறு குறுக்கிட்ட ஊரார் பாலங் கட்டினர், அதில் தவறில்லை. ஆறே இல்லாத ஊரார் அதைப் பார்த்துத் தம் வயல் நடுவே பாலங் கட்டுவது ஏன்?

இன்னொன்றும் எண்ணத் தக்கது. சொல்லை முழுவுருவாகவே காட்டிப் படிப்பிக்கும் முறையை அந்நாட்டவரும் அளவுகடந்து நம்பிப் பின்னர் வருந்தினர். அமெரிக்க அரசு அமைத்த படிப்புக் குழு 2000ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஒழுங்காகக் கற்பித்தலின் பயனை எடுத்துக் காட்டியது. இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு முதல் தொடக்கப்பள்ளி முதலாண்டுக் குழந்தைகளுக்கு எழுத்தொலித் தேர்வே நடத்துகின்றனர். எழுத்தொலி ஒழுங்கற்ற மொழிக்காரரே எழுத்தொலியை நோக்கித் திரும்பியிருக்க, ஒழுங்குள்ள மொழிக்காரர் அதனைக் கைவிட்டு அட்டைக்குப் பின்னே ஓடுவது என்ன அறிவுடைமை?

தமிழின் நெறி வேறு

தமிழில் உயிர் 12, மெய் 18; இம் முப்பதும் முதலெழுத்து. உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனச் சேர்த்து எண்ண 247 ஆகும். இந்த 247 என்னும் எண்ணைக் காட்டிக் குழந்தையை அச்சுறுத்துவோர் உளர். குழந்தை கற்க வேண்டிய தனி வடிவம் 247 அன்று. முப்பத்தோர் வடிவும், புள்ளியும், கால், கொம்பு, கொக்கி முதலிய சில குறிகளும் அறிந்தால் எஞ்சியவை பெரும்பாலும் தாமே விளங்கும். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்மையால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலாய 13 எழுத்துகளின் தனி வடிவங்களும் ஒழுங்குக்கு வந்துவிட்டன. எழுதியவாறே படிக்கலாம், கடல் என்பதிலும் அகம் என்பதிலும் தங்கம் என்பதிலும் ககரம் சற்று வேறுபட்டு ஒலிப்பினும், தமிழ் பேசும் குழந்தைக்கு அவ்வேறுபாடு சொல்லித் தராமலே நாவில் அமைந்திருக்கிறது.

தமிழ்ச் சொல்லை வெறும் படம்போல் மனத்திற் பதிப்பது பயன்தராமைக்கு மற்றொரு கரணியமும் உண்டு. ஆங்கிலத்தில் மரத்தைக் குறிக்கும் சொல், மரத்தின்மேல் என்றாலும் மரத்துக்கு என்றாலும் உருமாறாது நிற்கும். வேற்றுமைப் பொருள் தரும் சொற்கள் தனியே நிற்கும். தமிழிலோ மரம் என்பது மரத்தை, மரத்தால், மரத்திற்கு, மரத்தில், மரங்கள், மரமும் என ஒட்டுப்பெற்றுப் பல உருக் கொள்ளும். மரம் என்னும் சொல்லை ஓவியம்போல் மட்டும் பார்த்தறிந்த குழந்தை 'மரத்தில்' என்னும் சொல்லைக் கண்டதும் திகைத்து நின்றுவிடும். ம, ர, த் என எழுத்தறிந்த குழந்தையோ தட்டுத் தடுமாறியேனும் கரை சேரும். ஆகவே தமிழில் சொல் வாயில், எழுத்து வீடு. வாயிலிலேயே நின்றுவிடலாகாது.

எனினும் தமிழுக்குப் பார்வைப் பயிற்சியே வேண்டா எனக் கூறுவதும் உண்மையன்று. அவ்வாறு கூறும் தமிழாசிரியர் குழந்தையின் இடர்ப்பாட்டை அறியாதவர் ஆவர். கண்ணுக்கு வேலைதரும் இடங்கள் தமிழிலும் நான்கு உண்டு.

முதலாவது, உகர ஊகார உயிர்மெய்கள். இவை 36. சு, பு, வு என்பன ஒருவகை, மு, ரு, ழு, ளு என்பன ஒருவகை, து, நு, லு, னு என்பன மற்றொரு வகை, கு தனிவகை. ஒரே ஒலிக்குப் பல குறி இருத்தலால் இவற்றைப் பன்முறை பார்த்தே பழக வேண்டும்.

இரண்டாவது, எழுத்துக்கு முன்னே நிற்கும் குறிகள். கெ, கே, கை என்பவற்றில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் வர, குறியோ முன்னே நிற்கிறது. கொ, கோ என்பவற்றிலோ இருபுறமும் நிற்கிறது. காது கேட்கும் வரிசை ஒன்று, கண் காணும் வரிசை ஒன்று. குழந்தை இங்கே தடுமாறுவது அதன் குற்றமன்று.

மூன்றாவது, ல, ள, ழ, ர, ற, ந, ன, ண என்னும் இனங்கள். பனி வேறு, பணி வேறு. மரம் வேறு, மறம் வேறு. கலை, களை, கழை மூன்றும் வேறு வேறு. வீட்டிலும் தெருவிலும் இவ்வொலிகள் கலந்து வழங்கும் இந்நாளில், காதைமட்டும் நம்பி எழுதும் குழந்தை பிழைபட எழுதும். சொல்லைப் பலகால் கண்ணாற் கண்ட குழந்தைக்கே சரியான எழுத்து கையில் வரும்.

நான்காவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. 'வீட்டுல' என்று பேசும் குழந்தை 'வீட்டில்' என்று படிக்க வேண்டியிருக்கிறது. பலாவைச் 'சக்கை' என்று வழங்கும் குமரி மாவட்டக் குழந்தையின் பொத்தகத்தில் 'பலா' என்று இருக்கிறது. இங்கே ஆசிரியர் 'சக்கை என்பது தவறு' என்று கடிந்தால், குழந்தை தன் வீட்டையே தவறென எண்ணும். 'நீ சக்கை என்கிறாய், பொத்தகம் பலா என்கிறது. இரண்டும் தமிழே' என்று இணைத்துக் காட்டுவதே நல்லாசிரியர் நெறி.

இந்த நான்கிடத்தும் அட்டை உதவும், ஆட்டம் உதவும், மீள்பயிற்சி மிக உதவும். ஆங்கில முறையிற் கொள்ளத்தக்கது இவ்வளவே. பட்டியல் அவர்களுடையது, பழக்கும் கலை எல்லார்க்கும் உரியது.

திண்ணைப் பள்ளி அறிந்திருந்த கலை

பழக்கும் கலை மேலைநாட்டார் தந்த கொடை எனக் கருதுவோர் ஒரு வரலாற்றை அறிதல் வேண்டும். சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற மகார்க்கென நடந்த இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் இசுக்காட்லாந்துச் சமயகுரவர். நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் தரையிற் பரப்பிய மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகுவதை அவர் கண்டார். அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் கொண்டார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். ஆங்கில நாடு அதனைச் 'சென்னை முறை' என்றே பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. திண்ணையின் மணலும் சட்டாம்பிள்ளையும் கடல்கடந்து சென்று ஆங்கிலக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த வரலாறு இது! அம் மணலின் அருமையைத் தமிழர் மறந்தனர்.

திண்ணைப் பள்ளியில் மற்றொரு வழக்கமும் இருந்தது. மாலையில் வீடு திரும்பும்போது ஆசிரியர் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஓர் ஊரின் பெயர், ஒரு பறவையின் பெயர் எனச் சொல்லி விடுப்பார். மறுநாட் காலை அதனை மறவாமல் வந்து சொல்லல் வேண்டும். இரவு முழுதும் அச்சொல் குழந்தையின் உள்ளத்தில் உருளும். மீள்பயிற்சி என்பதற்கு இதனினும் எளிய வடிவம் உண்டா? செருமானிய அறிஞர் எர்மன் எபிங்கௌசு தம்மையே ஆய்வுப்பொருளாக வைத்து மறதியை அளந்து 1885இல் நூல் எழுதினார். கற்றது முதலில் விரைந்து மறக்கிறது, பின்னர் மெல்ல மறக்கிறது. இடைவெளி விட்டு மீட்டால் நெடுநாள் நிற்கிறது என்பது அவ்வாய்வின் வழி விளங்கிய உண்மை. திண்ணை ஆசிரியர் அளந்து பாராவிடினும் அவ்வுண்மையை நடைமுறையில் கண்டிருந்தார்.

திண்ணையில் பிரம்பும் இருந்தது. பொருள் விளங்காத உருப்போடலும் இருந்தது. அவற்றை மீட்டெடுக்க வேண்டுவதில்லை. மணலையும் மாலைச் சொல்லையும் எடுத்துக்கொண்டு பிரம்பை அங்கேயே விட்டுவிடலாம்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளும் இவ்வழியில் ஓரளவு நடந்துள்ளன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08ஆம் கல்வியாண்டில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தை தன் விரைவுக்கேற்ப அட்டைகளை எடுத்துக் கற்றது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளுக்கு ஆடல், பாடல், கதை வழியே கற்பிக்க முற்பட்டது. இவை முதல் வகுப்புக்குப் பின்னர் நடப்பன. முதல் வகுப்புக்கு முன்னர் உள்ள மூன்றாண்டு யார் கையில் இருக்கிறது?

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நடுவங்கள் அப்பருவக் குழந்தைகளுக்காகவே ஏற்பட்டவை. அவற்றுக்கு வாய்த்த பெயரே 'அங்கன்வாடி' என்னும் வடசொல். 2019 சனவரியில் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இயங்கிய 2381 நடுவங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பெற்றன. அவற்றுக்கும் தமிழ்ப்பெயர் கிட்டவில்லை, 'எல்.கே.ஜி.', 'யு.கே.ஜி.' என்றே பெயர் வைத்தனர். குழந்தை நுழையும் வாயிலில் வடமொழிப் பலகை; உள்ளே ஆங்கிலப் பலகை! 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆயின் அது முதல் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஆங்கில அட்டையோ அதற்கு மூன்றாண்டு முன்னரே தொடங்கிவிடுகிறது. வேலி போடுமுன்னரே ஆடு வயலுக்குள் நுழைந்துவிட்டது.

எவ்வாறு கற்பிப்பது?

குறைகூறுவதோடு நிற்பது தமிழ்த்தொண்டு ஆகாது. செய்முறை வேண்டும். குமரி மாவட்டத்து எந்தச் சிற்றூரிலும், பணச் செலவின்றி, ஓர் ஆசிரியரோ ஒரு தாயோ செய்யத்தக்க முறை பின்வருமாறு அமையலாம்.

முதலிற் சொற்றேர்வு. உறவு: அம்மா, அப்பா, அக்கா, அண்ணன், தம்பி, பாட்டி. உடல்: கண், காது, பல், கை, கால். சூழல்: வயல், குளம், கடல், வலை, மீன், பனை, வாழை, மழை. வினை: வா, போ, பார், எடு, கொடு, நில். இவற்றோடு தொடர் அமைக்க உதவும் சிறுசொற்கள்: இது, அது, யார், என்ன, எங்கே, ஒரு, உண்டு, இல்லை, மேல், கீழ். இச்சிறுசொற்களே தமிழுக்குரிய மெய்யான பார்வைச் சொற்கள். 'இது', 'என்ன', 'இல்லை' என்னும் மூன்றும் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் கண்ணிற்படும். இவற்றைக் கண்டவுடன் சொல்லும் குழந்தை சின்னஞ்சிறு தொடர்களைத் தானே படிக்கத் தொடங்கிவிடும். கடலோரக் குழந்தைக்கு வலை முதலில் வரட்டும். தோவாளைக் குழந்தைக்குப் பிச்சிப்பூ முதலில் வரட்டும். எல்லா ஊருக்கும் ஒரே பட்டியல் என்பது அச்சகத்தாருக்கு எளிது; குழந்தைக்கு அன்று.

அடுத்து அளவு. கிழமைக்கு ஐந்து புதுச்சொல் போதும். திங்கட்கிழமை இரண்டு, செவ்வாய், அறிவன், வியாழன் நாள்தோறும் ஒவ்வொன்று, வெள்ளியன்று புதுச்சொல் இல்லை, மீள்பயிற்சி மட்டும். ஒவ்வொரு நாளும் பழையதை மீட்டபின்பே புதியது. ஆண்டில் முப்பது கிழமை நடந்தாலும் 150 சொல் ஆகும். ஐந்தகவைக் குழந்தை 150 தமிழ்ச் சொற்களை உறுதியாகப் படிக்குமாயின், அதன்பின் அதனைத் தடுப்பார் இல்லை.

மீள்பயிற்சிக்கு மூன்று ஓலைப்பெட்டிகள் போதும். புதுச்சொல் முதற்பெட்டியில் இருக்கும், நாள்தோறும் எடுக்கப்படும். தயங்காமற் சொன்ன சொல் இரண்டாம் பெட்டிக்குப் போகும்; அது கிழமைக்கு இருமுறை எடுக்கப்படும். அங்கும் தேறியது மூன்றாம் பெட்டிக்குப் போகும். அது திங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படும். தவறிய சொல் மீண்டும் முதற்பெட்டிக்கு வரும். செருமானியர் செபாசுத்தியன் இலைட்னர் என்பார் 1972இல் விளக்கி எழுதிய பெட்டி முறையும் இதனை ஒத்ததே. பனை ஓங்கிய குமரி மாவட்டத்தில் பெட்டிக்கோ ஓலைக்கோ பஞ்சமில்லை. ஏடாக இருந்து தமிழ் காத்த பனையோலை, அட்டையாக இருந்தும் தமிழ் காக்கட்டும்.

பின்னர் ஆட்டம். புது ஆட்டம் தேடி அலைய வேண்டுவதில்லை. தரையில் பாண்டிக் கட்டம் கீறிக் கட்டத்துக்கு ஒரு சொல் எழுதினால், சில்லு விழுந்த கட்டத்துச் சொல்லைச் சொல்லிவிட்டே குழந்தை தாண்டும். மணற்கரை குவித்துக் குச்சியை ஒளித்தாடும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தில் குச்சிக்கு மாற்றாகச் சொல்லோலையை ஒளித்து வைக்கலாம். கண்டெடுத்தவர் படிக்க வேண்டும். மீன் வடிவில் அட்டை நறுக்கித் தரையிற் பரப்பி, 'வலை வீசும்' ஆட்டம் ஆடலாம். 'கடல்' என்றால் கடல் எழுதிய மீன்தான் வலையிற் பட வேண்டும். பூக்கடை வைத்து, பெயரைப் படித்தவருக்கே அப்பூ என விற்கலாம். கதவில் 'கதவு', பானையில் 'பானை', திண்ணையில் 'திண்ணை' எனத் தொங்கவிட்ட ஓலைகளை இரவில் மாற்றி வைத்துவிட்டுக் காலையில் "எங்கே தவறு?" என்று கேட்டால் குழந்தைகள் துள்ளியோடித் திருத்துவர். ஆசிரியர் வேண்டுமென்றே செய்த தவற்றைக் கண்டுபிடிப்பதைவிட மழலைக்கு இனிய ஆட்டம் வேறில்லை.

ஆட்டத்திலும் அளவு வேண்டும். தோற்றவர் வெளியேறும் ஆட்டம் ஆகாது. பயிற்சி மிகத் தேவைப்படும் குழந்தையே முதலில் வெளியேறி வாளா அமர்ந்திருக்கும். பத்து மணித்துளிக்கு மேல் நீளலாகாது. ஆட்டம் முடிந்தபின் அவ் ஐந்து சொல்லையும் அமைதியாக ஒருமுறை படித்து முடித்தல் வேண்டும். மீட்டலற்ற ஆட்டம் வெறும் ஆரவாரம். ஆட்டமற்ற மீட்டல் வெறுஞ் சுமை.

இறுதியாகச் சொல்லிலிருந்து எழுத்துக்குச் செல்லல். இதுவே தமிழ்முறையின் உயிர்நிலை. ஆங்கில அட்டை முறையிலிருந்து வேறுபடும் இடமும் இதுவே. எளிய வடிவுடைய ட, ப, ம என்னும் மூன்றைக் கொண்டு படம், பட்டம், மட்டம் என்று பழகிய குழந்தை, அம்மூன்றெழுத்தும் இடம்மாறிப் புதுச்சொல் பிறப்பதைத் தானே காணும். பின் கல் – கால், பல் – பால், விடு – வீடு, நடு – நாடு, எடு – ஏடு எனக் குறிலும் நெடிலும் இணை இணையாக வைத்தால், ஒரு குறி மாறப் பொருள் மாறும் வியப்பு அதற்குப் புலப்படும். அதன்பின் 'கல்லில்', 'பாலில்', 'வீட்டில்' என ஒட்டுச் சேர்ந்த சொற்கள். ஈராண்டு முடிவில் குழந்தை தான் ஒருபோதும் பார்த்திராத தமிழ்ச்சொல்லைப் படிக்கும். அட்டையிற் கண்டதை மட்டும் சொல்லும் குழந்தைக்கும், காணாததையும் படிக்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு, கிளிக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடாகும்.

நான்கு அகவைக்குமுன் எழுதுகோல் பிடிக்க வற்புறுத்த வேண்டா. விரலும் மணலும் போதும்.

பெற்றோர் கேட்கும் வினா

"ஆங்கிலம் இன்றி என் பிள்ளை எப்படிப் பிழைக்கும்?" என்பது பெற்றோர் வினா. அரபு நாட்டிலும் பிற மாநிலத்திலும் சென்று உழைத்துப் பணம் விடுத்துக் குடும்பம் காக்கும் மக்கள் மிகுந்த மாவட்டம் குமரி. அவர்தம் அச்சம் ஏளனத்துக்குரியதன்று. மறுமொழி இது: ஆங்கிலம் கற்க வேண்டா என்று எவரும் கூறவில்லை. எதன்மேல் நின்று கற்பது என்பதே வினா. படித்தல் என்னும் திறனைக் குழந்தை ஒருமுறைதான் புதிதாகக் கற்கிறது. தான் அறிந்த சொல்லில், ஒழுங்குள்ள எழுத்தில் அத்திறனைக் கற்றுவிட்டால், பின்னர் எம்மொழிக்கும் அதனை எடுத்துச் செல்லும். தான் பேசாத மொழியில், ஒழுங்கற்ற எழுத்தில் அதனைத் தொடங்கினால் இரட்டைச் சுமை. சொல்லின் பொருளும் தெரியாது, எழுத்தின் நெறியும் விளங்காது. குழந்தை தொடக்கத்தில் தாய்மொழி வழியே கற்பதே சிறந்ததென ஒன்றிய நாடுகள் அவையின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 1953இலேயே அறிக்கை வெளியிட்டது. அது தமிழ்ப்பற்றாளர் எழுதிய அறிக்கை அன்று.

மறந்த வரலாறு

இம்மாவட்டத்துக்கு இவ்வினா வெறும் கல்விமுறை வினா அன்று, வரலாற்று வினா. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகனார் திருவிதாங்கூர் ஆட்சியில் பள்ளியில் மலையாளம் கற்றார். தமிழைச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே கற்கவேண்டியிருந்தது. அவ்வாறு தேடிக் கற்ற தமிழைக்கொண்டே பிற்காலத்தில் பசுவையும் கன்றையும் காக்கையையும் கோழியையும் குழந்தைகளின் நாவிற் பாட்டாக வைத்தார். பாட்டில் ஒரே சொல் மீண்டும் மீண்டும் வரும் அழகில் மீள்பயிற்சியும் ஆட்டமும் ஒன்றாகக் கலந்திருப்பதை ஆசிரியர் எவரும் காணலாம். 1954 ஆகத்து 11இல் புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் தமிழ்நாட்டோடு இணையவேண்டிப் போராடிய தமிழர் காவலர் குண்டுக்கு இரையாயினர். அடுத்த திங்களில் கவிமணி மறைந்தார். 1956 நவம்பர் 1இல் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு இணைந்து குமரி மாவட்டமாயின. நேசமணியும் அவர்தம் தோழர்களும் எதற்காகப் போராடினர்? தம் மக்கள் தமிழில் எழுதவும் படிக்கவும் ஆளப்படவும் வேண்டும் என்பதற்காக அன்றோ?

தொல்காப்பியம் கேட்ட அதங்கோட்டாசான் இம்மாவட்டத்து அதங்கோட்டினர் என்பது மண்ணின் மரபுரை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவோடு தமிழ்நாட்டு மாவட்டங்களுள் முதலிடத்தில் நின்றதும் இம்மாவட்டமே. எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மண்ணில் தமிழ் எழுத்தறியாத் தலைமுறை ஒன்று முளைக்குமாயின் அப்பெருமை யாருக்கு? மாற்றார் வலிந்து திணித்த மொழியை எதிர்த்துக் குருதி சிந்திய மண், தானே விரும்பிக் கட்டணம் செலுத்தித் தன் மொழியை இழக்கலாமா?

தமிழன்பர்க்கு ஒரு சொல்

இதில் ஆங்கிலப் பள்ளி முதலாளியை மட்டும் பழித்துப் பயனில்லை. தமிழ் மன்றத்தில் முழங்கிவிட்டுத் தம் பெயர்த்தியை ஆங்கில மழலையர் பள்ளிக்குத் தாமே அழைத்துச் செல்லும் தமிழன்பர் எத்துணையர்! முப்பதெழுத்தையும் சுவரில் தொங்கவிட்டுக் கூட்டாகக் கத்தச் சொல்வதே கற்பித்தல் எனக் கருதும் தமிழாசிரியர் எத்துணையர்! ஆங்கிலப் பள்ளியில் வண்ண அட்டையும் ஆட்டமும் பாட்டும். தமிழ்ப் பள்ளியில் அதட்டலும் உருப்போடலும் என்றால், குழந்தை எதனை விரும்பும்? குழந்தை மொழியை வெறுப்பதில்லை. மொழியைக் கற்பித்த முறையை வெறுத்துப் பின் மொழியையே மறக்கிறது. இனிய மொழியைக் கசப்பாக ஊட்டிய குற்றம் தமிழர்மேலது.

ஆகவே தமிழ் மன்றங்கள் ஆண்டுவிழாவுக்குத் திரட்டும் பொருளில் ஒரு பங்கைச் சொல்லட்டை செய்து ஊர்நடுவங்களுக்கு வழங்கச் செலவிடட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் கிழமைக்கு இருநாள் மாலையில் தெருக்குழந்தைகளைக் கூட்டிப் பாண்டி கீறட்டும். பாட்டியர் தம் பெயரக் குழந்தைகளுக்குப் படுக்குமுன் ஒரு மாலைச்சொல் சொல்லி, காலையில் அதைக் கேட்டு வாங்கட்டும். அரசு, மழலையர் நடுவங்களுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டி, அந்தந்த மாவட்டச் சொற்களைக் கொண்ட தமிழட்டைகளை அங்குப் பணிபுரிவோர்க்குப் பயிற்சியோடு வழங்கட்டும். இவற்றுள் எதுவும் கோடி வேண்டுவதன்று; மனம் வேண்டுவது.

மூன்றாண்டுக் குழந்தை மொழிப்போர் அறியாது. அதற்கு மேடையும் தெரியாது, கொடியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அம்மா ஒருத்தியே. அந்த அம்மாவை எழுத்தில் முதன்முதற் காணும் உரிமையை அதற்கு வழங்குக!